‘பொழுதுபோக்கு’ என்று எழுத வேண்டாம்: பேண்டுச் சிறுவர்களின் படங்களைப் பட்டியலிடுவோருக்குத் திறந்த மடல்

விக்டோரியா காலத்து ஏழைச் சட்டப் பள்ளிகளின் (வறியோர் நிவாரணச் சட்டத்தின்கீழ் பொதுச் செலவில் பிள்ளைகளை வளர்த்த பள்ளிகளின்) படங்களையும் இசைக்கருவிகளையும் பதிவேடுகளையும் காத்துவரும் லண்டன் காப்பக, அருங்காட்சியக அலுவலர்களுக்கு,

வணக்கம். பழைய பித்தளைக் கருவிகளையும் பள்ளிப் பதிவேடுகளையும் ஒப்பிட்டுப் பார்க்கும் நாங்கள் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். “பேண்டு வாசிக்கும் அநாதைச் சிறுவர்கள், பொழுதுபோக்கு” என்ற மாதிரியான குறிப்புகளைத் திருத்துங்கள்.

அதில் ‘அநாதை’, ‘பொழுதுபோக்கு’ என்ற இரண்டு சொற்களுமே சரியில்லை. லண்டனின் மேற்கே ஹான்வெல்லில் இருந்த ஏழைச் சட்டப் பள்ளியில் 1896 முதல் 1898 வரை இருந்த சார்லி சாப்ளினுக்கு அப்போது தாயும் தந்தையும் உயிரோடுதான் இருந்தார்கள். வறுமையும் நோயும் குடும்பத்தைப் பிரித்ததால் இத்தகைய பள்ளிகளுக்கு வந்த பிள்ளைகள் ஏராளம். பேண்டும் விளையாட்டுக்காக வைத்ததில்லை. செருப்புத் தைக்கும் கூடம், துணி தைக்கும் கூடம் போல அதுவும் ஒரு தொழிற்கூடம். கார்னெட் (டிரம்பெட் போன்ற சிறிய பித்தளை ஊதுகருவி) கற்ற பையன் பொதுவாக 14 வயதில் ராணுவத்தில் ‘பாய்’ (சிறுவன்) என்ற தரத்தில் சேரலாம். அத்தோடு அவனைப் பராமரிக்கும் செலவு உள்ளூர் ஏழைச் சட்ட நிர்வாகத்தின் தலையிலிருந்து இறங்கிவிடும். இந்தக் கணக்கைச் சொல்லாமல் இசையின் மேன்மையை மட்டும் எழுதினால் பாதி உண்மைதான் வரும். பெண் பிள்ளைகளுக்கு வீட்டு வேலைப் பயிற்சிதான் பெரும்பாலும் கிடைத்தது என்பதையும் விட்டுவிடக் கூடாது.

ஏழைச் சட்டப் பள்ளிக்கும் ராணுவ இசைக்கும் உள்ள இந்தத் தொடர்பு ஒரே கட்டடத்தில் பதிந்திருக்கிறது. ட்விக்கனம் அருகே உள்ள நெல்லர் ஹால், 1850 முதல் 1856 வரை ஏழைச் சட்டப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களைத் தயாரித்த கல்லூரி. பின்னாளில் கேன்டர்பரி பேராயரான ஃபிரெடெரிக் டெம்பிள் அங்கே முதல்வராக இருந்தார். கல்லூரி மூடப்பட்டபின் 1857இல் அதே இடத்தில் ராணுவ இசைப் பள்ளி தொடங்கியது. ஏழைச் சட்டத்துக்கு வெளியே, பெயரில் மருத்துவமனை என்றாலும் கைவிடப்பட்ட குழந்தைகளை வளர்த்த லண்டன் இல்லமான ஃபவுண்ட்லிங் மருத்துவமனை 1847லேயே சிறுவர் பேண்டு அமைத்துவிட்டது. அங்கிருந்தும் ராணுவ பேண்டுகளுக்குப் பையன்கள் போனார்கள்.

இனி படங்கள். முதலில் கிளாரினெட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ராணுவ வகை பேண்டு, பித்தளை மட்டும் என்றால் பிராஸ் பேண்டு, குழலும் பறையும் மட்டும் என்றால் ஃபைஃப்–டிரம் குழு. மூன்றையும் ‘பள்ளி பேண்டு’ என்று ஒரே தலைப்பில் போட்டால் தேடுபவருக்கு எதுவும் அகப்படாது. அடுத்து கையைப் பாருங்கள். கார்னெட்டின் வால்வுகளை வலக்கைதான் அழுத்தும். வரிசையில் எல்லோரும் இடக்கையால் அழுத்தினால் படம் இடவலம் மாறியிருக்கிறது. டின்டைப்பில் (மெல்லிய இரும்புத் தகட்டில் நேரடியாக எடுத்த படத்தில்) இது இயல்பு, கண்ணாடி நெகட்டிவில் என்றால் அச்சிட்டவர் தட்டைப் புரட்டிவிட்டார். சீருடையை ‘கறுப்பு’ என்று எழுதுமுன் யோசியுங்கள். அந்தக் காலத் தட்டுகள் நீல ஒளியை மட்டுமே நன்றாக உணர்ந்தன. அதனால் சிவப்புப் பட்டி கறுப்பாகவும் பித்தளை மங்கியும் விழும். ‘கறுப்புச் சீருடை’ என்ற குறிப்புகளில் சில இப்படி வந்தவையாக இருக்கலாம்.

எந்தப் பையனிடம் எந்தக் கருவி என்பதையும் குறியுங்கள். கார்னெட்டின் குழாய் நீளம் சுமார் நாலரை அடி, தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பெரிய கருவியான யூஃபோனியத்துக்கு ஒன்பது, அதனினும் பெரிய ஈ ஃபிளாட் பாம்பர்டனுக்குப் பதின்மூன்று. ஆகவே பாம்பர்டன் வைத்திருப்பவன் பெரும்பாலும் மூத்தவன், சீக்கிரமே வெளியேறப் போகிறவன். கார்னெட்டிலும் நடுத்தர அளவுள்ள டெனர் ஹார்னிலும் பாம்பர்டனிலும் வால்வுகள் செய்யும் வேலை ஒன்றே: இரண்டாவது அரைச் சுரம் இறக்கும், முதலாவது ஒரு சுரம், மூன்றாவது ஒன்றரை. பிராஸ் பேண்டில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே டிரெபிள் கிளெஃப் என்ற இசைக்குறியீட்டு முறையில் எழுதுவதால், மூத்தவன் போனதும் சின்னவன் விரல் பழக்கத்தை மாற்றாமலே அந்த இடத்துக்கு நகரலாம். ஆண்டுதோறும் ஆட்கள் கழன்றுகொண்டே இருந்தாலும் பேண்டு நின்றுபோகாததற்கு இது ஒரு முக்கியக் காரணம். அடுத்தடுத்த ஆண்டுப் படங்களைச் சேர்த்து வைத்தால் இந்த நகர்வு கண்ணுக்குத் தெரியும். தனித்தனிப் பெட்டியில் போட்டால் தெரியாது.

கருவிகளைப் பொறுத்தவரை, தயவுசெய்து மெருகேற்றாதீர்கள். கருவியின் விரிந்த வாயின் (பெல்) மேல் மெல்லிதாக வெட்டிய பள்ளியின் பெயர்தான் முதலில் தேய்ந்து போகும். இறுகிய வால்வை இழுக்கவும் வேண்டாம், உறை நெளிந்துவிடும். மௌத்பீஸை அடுத்த குழாயில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் துத்தநாகம் கரைந்து செம்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று பொருள். அதை ஊதிப் பார்த்தால் மூச்சின் ஈரம் சிதைவை வேகப்படுத்தும். நெல்லர் ஹால் சுருதியில், அதாவது அக்கால ராணுவ பேண்டுகளின் சுருதியில், ‘ஏ’ என்ற சுரம் சுமார் 452 ஹெர்ட்ஸ். இன்றைய 440க்கு அது அரைச் சுரத்தில் பாதி உயரம். அதனால் கண்காட்சியில் பியானோவோடு சேர்ந்து வாசிக்க யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். சுருதி சறுக்கியில் (சுருதியைச் சரிசெய்ய இழுத்து நகர்த்தும் குழாயில்) பிற்காலத்தில் ஒட்டு வைத்து நீட்டியிருந்தால், அதையும் அளந்து எழுதிவையுங்கள். கருவி எவ்வளவு காலம் புழக்கத்தில் இருந்தது என்பதற்கு அது சாட்சி.

கடைசியாகப் பதிவேடுகள். பெயர் கிடைத்தால் சேர்க்கை–விடுவிப்புப் பதிவேட்டோடு நிறுத்தாமல், 1868 சட்டத்துக்குப் பின் வந்த சமயப் பதிவேட்டையும் பாருங்கள். தாயின் அல்லது உறவினரின் முகவரி அதில் சில சமயம் இருக்கும். கண்நோய் வார்டுக் குறிப்பு இருந்தால் அதையும் சேருங்கள், வரிசையில் ஒரு பையன் ஏன் திடீரென இல்லை என்பது விளங்கும். பிறகு லண்டன் கியூவிலுள்ள தேசியக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 97 என்ற ராணுவப் பணி ஆவணத் தொகுதியைப் பாருங்கள். 1883க்கு முந்தைய காலத்துக்கு, ஓய்வூதியம் பெற்று விலகியவர்களின் தாள்கள் மட்டுமே அதில் இருக்கும், ஆகவே பெயர் அகப்படவில்லை என்றால் அவன் சேரவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். 18 வயதுக்கு முந்தைய பணி அப்போது ஓய்வூதியக் கணக்கில் சேரவில்லை; அதைக் கழித்துத் தேதியைப் படியுங்கள். படத்தின் எண்ணையும் பதிவேட்டின் எண்ணையும் ஒரே குறிப்பில் எழுதிவிட்டால், அடுத்துத் தேடி வரும் பேரப்பிள்ளைக்கு அந்த ஒரு வரியே போதும்.

இப்படிக்கு,
பழைய பேண்டுக் கருவிகளை ஆராய்வோர்