ஒன்பது இடங்களிலும் ஆடியவர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் பேஸ்பால் வீரர் ஷோஹெய் ஒடானியைப் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். பந்து வீசுவதிலும் அடிப்பதிலும் ஒருசேர உச்சம் தொட்ட அவருக்கு எந்தப் பாராட்டும் தகும். ஆனால் பேஸ்பாலில் பன்முகத் திறமை என்றால் இவ்விரண்டும்தான் என்று வாசகர்கள் எண்ணிவிடக் கூடாது. அணி எங்கே நிறுத்தினாலும் நின்று ஆடி, அந்த அனுபவம் முழுவதையும் பின்னாளில் பயிற்சியாளராக மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்த ஹொசே ஒகெண்டோவைப் பற்றித் தமிழில் எழுதப்பட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

போர்ட்டோ ரிகோ தீவில் 1963இல் பிறந்த ஒகெண்டோ, 1983இல் நியூயார்க் மெட்ஸ் அணியில் அறிமுகமானபோது அவருக்கு வயது 19. அவர் ஆடிப் பழகிய இடம், ஓட்டம் எடுப்பவர் வரிசையாகத் தொட்டு ஓட வேண்டிய பேஸ்களில் இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவிலுள்ள தடுப்பிடமான ஷார்ட்ஸ்டாப். 1985இல் அவரை வாங்கிய செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியிலோ அந்த இடத்தில் ஓஸி ஸ்மித் இருந்தார். பேஸ்பால் வரலாற்றிலேயே தலைசிறந்த ஷார்ட்ஸ்டாப் என்று பலரும் ஒப்புக்கொள்ளும் ஒருவரை விலக்கிவிட்டு அந்த இடத்தைப் பிடிப்பது யாராலும் ஆகக்கூடிய காரியமல்ல. வேறொருவராக இருந்தால் மனம் வெறுத்து ஒதுங்கியிருக்கலாம். ஒகெண்டோ மற்ற இடங்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார்.

அதன் பலன் 1988இல் தெரிந்தது. அந்த ஒரே பருவத்தில், பந்து வீசும் பிட்சர், அதை மட்டையாளருக்குப் பின்னாலிருந்து பிடிக்கும் கேட்சர் உட்படத் தடுப்பாட்டத்தின் ஒன்பது இடங்களிலும் அவர் ஆடினார். மே 14 அன்று அட்லாண்டா பிரேவ்ஸ் அணிக்கு எதிரான ஆட்டம், வழக்கமான ஒன்பது இன்னிங்ஸைத் தாண்டி 15 இன்னிங்ஸ் முடிந்தும் சமநிலையிலேயே இருந்தது. கார்டினல்ஸிடம் பந்து வீச ஆளில்லை. ஒகெண்டோவைப் பந்து வீச அனுப்பிவிட்டு, காலியான இடத்தை நிரப்ப ஹொசே டிலியோன் என்ற பிட்சரை வெளிப்புறத் தடுப்பில் நிறுத்தினார்கள். எதிரணி மட்டையாளர் வலக்கை ஆட்டக்காரரா இடக்கை ஆட்டக்காரரா என்று பார்த்து, பந்து குறைவாக வரக்கூடிய பக்கத்துக்கு டிலியோனும், எதிர்ப்பக்கத்துக்கு வழக்கமான வெளிப்புறத் தடுப்பாளர் டாம் புருனான்ஸ்கியுமாக மாறி மாறி ஓடிக்கொண்டிருந்தார்கள். இத்தனைக்கும் நடுவே, தொழில்முறைப் பிட்சரல்லாத ஒகெண்டோ மூன்று இன்னிங்ஸ் வரை ஓர் ஓட்டம்கூடக் கொடுக்கவில்லை. 19ஆவது இன்னிங்ஸில்தான் பிரேவ்ஸின் கென் கிரிஃபி சீனியர் அடித்த அடியில் இரண்டு ஓட்டங்கள் போயின. 7-5 என்று ஆட்டம் கைநழுவ, தோற்ற பிட்சர் என்று அந்தத் தோல்வி ஒகெண்டோவின் கணக்கில் எழுதப்பட்டது. என்னைக் கேட்டால், பல வெற்றிகளைவிட மதிப்புள்ள தோல்வி அது.

எல்லா இடத்திலும் ஆடுபவர் எந்த இடத்திலும் தேர்ச்சி பெறாதவர் என்று சிலர் கூறுவதுண்டு. இரண்டாம் பேஸில் நிலையான இடம் கிடைத்த பிறகு ஒகெண்டோ செய்ததைப் பார்த்தால் இந்த வாதம் நிற்காது. 1990ஆம் ஆண்டுப் பருவம் முழுவதிலும் அந்த இடத்தில் அவர் செய்த பிழைகள் மூன்றே மூன்று. ஆனாலும் சிறந்த பீல்டருக்கான தங்கக் கையுறை விருது, அந்த ஆண்டு 40 ஹோம் ரன் (எல்லா பேஸ்களையும் ஒரே அடியில் சுற்றிவர வைக்கும் அடி) அடித்த ரைன் சாண்ட்பெர்க்குக்கே சென்றது. சாண்ட்பெர்க்கும் அருமையான பீல்டர்தான். எனினும் மட்டையின் புகழ் கையுறையின் கணக்கிலும் சேர்ந்துவிடுகிறதோ என்ற ஐயம் எனக்கு இன்றும் உண்டு.

1995உடன் ஆட்டத்தை நிறுத்திக்கொண்ட அவர், 2000 முதல் 2015 வரை கார்டினல்ஸின் மூன்றாம் பேஸ் பயிற்சியாளராக இருந்தார். ஓடிவரும் வீரரை மேலும் ஓடவிடுவதா, நிறுத்துவதா என்று கண்ணிமைக்கும் நேரத்தில் கைகாட்டித் தீர்மானிக்கும் பொறுப்பு அது. 2006, 2011 ஆகிய இரு ஆண்டுகளிலும் அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை அணி வென்றபோது அந்த இடத்தில் நின்றவர் அவரே. அதே காலத்தில், நாட்டு அணிகள் மோதும் உலக பேஸ்பால் கிளாசிக் போட்டிகளில் 2006, 2009 ஆகிய ஆண்டுகளில் தம் தாயகமான போர்ட்டோ ரிகோவின் மேலாளராகவும், அதாவது அணியின் தலைமைப் பயிற்சியாளராகவும், இருந்தார்.

இவற்றைவிட நான் பெரிதாக மதிப்பது வேறொன்று. கார்டினல்ஸ் வீரர் ஸ்கிப் ஷூமேக்கர் வெளிப்புறத் தடுப்பில் ஆடி வந்தவர். 2009 பருவத்துக்கு முன் அவரை இரண்டாம் பேஸுக்கு மாற்ற அணி முடிவு செய்தபோது, காலை எப்படி வைப்பது, பந்தை எந்தப் பக்கம் வாங்கி எப்படித் திருப்புவது என்பதையெல்லாம் பயிற்சித் திடலில் பந்தை மீண்டும் மீண்டும் அடித்துவிட்டுப் பழக்கியவர் ஒகெண்டோதான். சில ஆண்டுகள் கழித்து மேட் கார்பெண்டர் என்ற வீரரையும் அவ்வாறே இரண்டாம் பேஸுக்குத் தயார் செய்தார். பழகிய இடத்தை விட்டுப் புது இடத்துக்குப் போகும் வீரனின் கூச்சமும் தடுமாற்றமும் எப்படியிருக்கும் என்பதைத் தாமே பட்டு அறிந்தவரால்தான் அவ்வளவு பொறுமையாகச் சொல்லித்தர முடியும். அந்த ஷூமேக்கர்தான் பின்னாளில் மயாமி மார்லின்ஸின் மேலாளராகி, 2023இல், அமெரிக்காவின் முதன்மைப் போட்டியான மேஜர் லீக்கின் இரு பிரிவுகளுள் ஒன்றான நேஷனல் லீக்கின் சிறந்த மேலாளர் விருதைப் பெற்றார்.

ஒகெண்டோவுக்கோ மேஜர் லீக் அணி ஒன்றின் மேலாளர் பதவி கடைசிவரை வாய்க்கவில்லை. 2011 இறுதியில் கார்டினல்ஸின் மேலாளர் டோனி லா ருஸா ஓய்வுபெற்றபோது, அந்தப் பதவிக்காக அணி நிர்வாகம் ஒகெண்டோவை நேர்காணலுக்கு அழைத்தது. ஆனால் எந்த அணிக்கும் மேலாளராக இருந்திராத மைக் மத்தேனியைத் தேர்ந்தெடுத்தது. மத்தேனி 2013இல் அணியை உலகத் தொடர் வரை கொண்டுசென்றார் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் அத்தனை ஆண்டுகள் அதே அணிக்கு உழைத்தவருக்கு ஒரு பருவமாவது வாய்ப்பளித்திருக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

ஒடானிகளைப் பற்றித் தாங்கள் தொடர்ந்து எழுத வேண்டும். அதே பக்கத்தில், மூன்றாம் பேஸ் ஓரம் நின்று கைகாட்டும் பயிற்சியாளர்களின் பணி என்ன, ஓர் ஆட்டத்தின் முடிவில் அவர்களுக்கு எவ்வளவு பங்கு இருக்கிறது என்பதையும் விளக்கிக் கட்டுரைகள் வெளியிடுமாறும், அவற்றில் முதலாவதாக ஒகெண்டோவைப் பற்றிய கட்டுரை வருமாறும் ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்