இரண்டு மான்செஸ்டர்கள்: யாழினிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள யாழினி,

பின்லாந்தின் தம்பெரே, போலந்தின் வூச் இரண்டிலும் மேற்படிப்புக்கு உனக்கு இடம் கிடைத்திருப்பதாக உன் அம்மா சொன்னாள். மகிழ்ச்சி. ஆனால், "இரண்டும் பழைய மில் ஊர்கள்தானே, எங்கே போனால் என்ன?" என்று நீ சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

இரண்டையும் அந்தந்த நாட்டின் மான்செஸ்டர் என்பார்கள். நம் கோயம்புத்தூருக்கும் அதே பட்டம்தான். பஞ்சாலை வந்த ஊருக்கெல்லாம் தாராளமாக வழங்கப்பட்ட பட்டம் அது. அதை நம்பி ஊரைத் தேர்ந்தெடுக்காதே.

தொடக்கம் ஒன்றுதான், ஒப்புக்கொள்கிறேன். 1820-இல் இரண்டு நாடுகளுமே ரஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தன. அந்த ஆண்டில் ஜேம்ஸ் ஃபின்லேசன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தம்பெரேயில் தொழிற்சாலை தொடங்கினார். அதே ஆண்டில், ஆயிரம் பேர்கூட இல்லாத வூச், அரசாணை ஒன்றால் தொழில் நகரமானது. பாதை பிரிந்தது தண்ணீரால். தம்பெரேயில் இரண்டு ஏரிகளுக்கு நடுவே 18 மீட்டர் சரிந்து பாயும் ஆறு இருக்கிறது. ஆலைச் சக்கரங்களைச் சுழற்ற அது போதும். 1882-இல் ஃபின்லேசன் ஆலையில் மின்விளக்கு எரிந்தது. வட ஐரோப்பாவின் தொடக்ககால மின்விளக்குகளில் அதுவும் ஒன்று. அதே ஆற்றிலிருந்து இன்றும் மின்சாரம் எடுக்கிறார்கள்.

வூச்சில் இருந்தவை சின்ன ஓடைகள். ஆகவே நிலக்கரியும் நீராவியும். முதல் பெரிய நீராவி எந்திரம் 1839-இல் லுட்விக் கெயரின் ஆலைக்கு வந்தது. பிறகு ரஷ்யச் சந்தை முழுக்க இந்த ஊர்த் துணிக்குத் திறந்துகிடக்க, 1897 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 3 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஜெர்மானியர், யூதர், போலந்துக்காரர் என எல்லோரும் பிழைக்க வந்தார்கள். ஆலை அதிபர் போஸ்னான்ஸ்கி மாளிகை கட்டும்போது எந்தப் பாணியில் வேண்டும் என்று கேட்டதற்கு, "எல்லாப் பாணியிலும் கட்டு, என்னால் முடியும்" என்றாராம். கதையாகவே இருக்கட்டும், மாளிகையைப் பார்த்தால் நம்பத் தோன்றும். அதையொட்டிய அவர் ஆலை 2006 முதல் பெரிய வணிக வளாகம்.

1940-இல் நாஜிகள் இங்கே யூதர்களை வேலிக்குள் அடைத்தார்கள். உள்ளேயும் தையல் நிற்கவில்லை: ஜெர்மன் ராணுவத்துக்குச் சீருடை தைத்தார்கள். சுமார் 2 லட்சம் பேர் அங்கே அடைபட்டார்கள். மிகச் சிலரே பிழைத்தார்கள். அடைபட்டவர்களைக் கொலை முகாம்களுக்கு ரயிலேற்றிய ராடெகாஸ்ட் நிலையம் இப்போது நினைவிடம். தம்பெரேக்கும் ரத்தம் தெரியும். 1918-இல் பின்லாந்தின் உள்நாட்டுப் போரில் இடதுசாரிச் செம்படையின் கோட்டையாக இருந்து ஏப்ரலில் வீழ்ந்தது. ஆனால் வூச்சில்போல ஊரின் மூன்றில் ஒரு பங்கு மனிதர்கள் அங்கே காணாமல் போகவில்லை.

பிறகு ஆலைகள் மூடிய கதை. தம்பெரேக்கு அவகாசம் கிடைத்தது. 1960-களிலேயே பல்கலைக்கழகமும் தொழில்நுட்பக் கல்வியும் வந்துவிட்டன. மில் படிப்படியாகச் சுருங்கியபோது பிடித்துக்கொள்ள வேறு கிளைகள் இருந்தன. வூச்சில் சோவியத் சந்தை சரிந்ததும், 1990-களின் தொடக்கத்தில் சில ஆண்டுகளிலேயே எல்லாம் முடிந்தது. வேலை இழந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். எட்டரை லட்சத்தை எட்டிய மக்கள்தொகை இன்று ஏழு லட்சத்துக்கும் கீழே. வூச்சிலும் பல்கலைக்கழகம் இருந்தது, 1948 முதல் புகழ்பெற்ற திரைப்படப் பள்ளியும் இருந்தது, அவகாசம்தான் இல்லை. இதைச் சொல்லாமல் "வூச் தோற்றது, தம்பெரே ஜெயித்தது" என்று எழுதுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும்.

சுகமாக வாழ தம்பெரே போ. தம்மெலாச் சந்தையில் கறுப்பு ரத்தத் தொத்திறைச்சியை எடை சொல்லாமல் "இத்தனை யூரோவுக்கு" என்று கேட்டு வாங்கி, புளிப்புப் பழ ஜாமோடு சாப்பிடுவார்கள். பிஸ்பலாவில் 1906-இல் தொடங்கிய பொது நீராவிக் குளியல் இன்றும் நடக்கிறது. ஆனால் நீ படிக்கப்போவது நகரத் திட்டமிடல். அதற்கு வூச்தான். நான்கு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் பியோட்ர்கோவ்ஸ்கா தெருவில் முகப்புகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதே. வளைவுகளுக்குள் நுழைந்து பின்முற்றங்களைப் பார். சீர்செய்த கட்டடத்துக்கு அடுத்த வாசலிலேயே காரை உதிர்ந்த சுவர் நிற்கும். க்ஷென்ஷி மிவின் பகுதியில் ஷைப்லர் என்ற ஆலை அதிபர் தன் தொழிலாளர்களுக்காகக் கட்டிய செங்கல் வீடுகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே இன்று யார் குடியிருக்கிறார்கள், வாடகை எவ்வளவு, முன்பு இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று விசாரி. உன் ஆய்வேடு அங்கேயே கிடைக்கும்.

Łódź என்ற எழுத்தைப் பார்த்து "லோட்ஸ்" என்று டிக்கெட் கேட்காதே, "வூச்" என்றால்தான் புரியும். குளிருக்குக் கம்பளிச் சட்டை இங்கே வாங்க வேண்டாம், அங்கே போய் வாங்கிக்கொள். முடிவு செய்ததும் உன் அம்மாவுக்கு முன்னால் எனக்குச் சொல்.

அன்புடன்,
மாமா