பயப்படுவதென்றால் எதற்கென்று சொல்லிப் பயப்படுவோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையில் மற்ற மதத்தாருக்கு நடுவில் இருக்கவே பயமாக இருக்கிறது என்று வாசகர் ஒருவர் அண்மையில் உங்கள் இதழில் எழுதியிருந்தார். விடிந்தால் பாங்கு, பொழுதுபட்டால் கிறிஸ்தவ சபைக்காரரின் ஜெபம், போயா தினத்தில் பௌத்தரின் பிரித் ஓதல், வீதியில் முஸ்லிம் பெண்களின் ஹபாயா, கடற்கரையில் புத்தர் சிலை என்று அடுக்கிக்கொண்டு போயிருந்தார். நானும் சைவன்தான், உப்புவெளியில் இருக்கிறேன். அவருடைய பயம் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெரியதும் சிறியதும் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டார். அதைத்தான் அவிழ்த்துப் பார்க்க விரும்புகிறேன்.

இந்த மாவட்டத்தில் பயப்படக் காரணம் இல்லாதவர் எவரும் இல்லை. 2012 கணக்கெடுப்பின்படி இஸ்லாமியர் 40 வீதத்துக்குச் சற்று மேல். சைவரும் பௌத்தரும் ஆளுக்குக் கால்பங்கு அளவில். மிச்சம் பெரும்பாலும் கிறிஸ்தவர். பாதிக்கு மேல் என்று யாருமே இல்லை. போர்த்துக்கேயர் 1620களில் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டியதை நாங்கள் இன்னும் மறக்கவில்லை. மூதூர் முஸ்லிம்களுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. 2006 ஓகஸ்டில் புலிகள் ஊருக்குள் வந்தபோது பிள்ளைகுட்டிகளோடு கந்தளாய்க்கு ஓடியவர்கள் அவர்கள். 1990இல் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுகையின்போது நடந்த படுகொலையும் அவர்களுக்கு நினைவிருக்கும். அரந்தலாவையில் 1987இல் பஸ்ஸை மறித்துப் பிக்குகளைக் கொன்றதைச் சிங்களவர் சொல்வார்கள். 2019 ஈஸ்டர் ஞாயிறுக்குப் பிறகு தேவாலய வாசலில் பையைத் திறந்து காட்டிவிட்டு உள்ளே போன கிறிஸ்தவர்களை நாம் எல்லோரும் பார்த்தோம். அந்த வாசகர் தம்முடைய பயத்தை மட்டும் எண்ணியிருக்கிறார். நம்மைக் கண்டு பயப்படுகிறவர்களும் இதே ஊரில்தான் இருக்கிறார்கள். அதைச் சொன்னால் நம் ஆட்களுக்குக் கோபம் வருகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சண்டையில் நடந்த கொலைகளை விட்டுவிட்டுப் பார்த்தால், மதத்தின் பெயரால் இந்த ஊருக்கு உண்மையில் நோவு தந்தவை எவை? 2005 மே மாதம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இரவோடிரவாகப் புத்தர் சிலை வைத்தார்கள். ஹர்த்தால், முள்வேலி, காவல் என்று ஊரே முடங்கியது. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைக்கென்று ஜனாதிபதி செயலணி ஒன்றை நியமித்தார்கள். பாதுகாப்புச் செயலாளர்தான் தலைவர், நியமித்தபோது அதில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. அதே ஆண்டு கொரோனாவில் இறந்தவர்களை எரித்தே ஆகவேண்டும் என்று வர்த்தமானி வந்தது. கிண்ணியாவிலும் மூதூரிலும் முஸ்லிம் குடும்பங்கள் மையித்தை அடக்க முடியுமா என்ற பயத்தோடு 2021 பெப்ரவரி வரை இருந்தன.

இவற்றில் எதையும் அயல்வீட்டுக்காரர் செய்யவில்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கையெழுத்தோ ஒரு வர்த்தமானியோ கண்டும் காணாமல் விட்ட அதிகாரியோ இருந்தார்கள். போயா தினத்தில் வெள்ளை உடுத்து விகாரைக்குப் போகிற சிங்கள அம்மாவுக்கும் அந்தச் செயலணிக்கும் என்ன சம்பந்தம்? அவர் கும்பிடுவது அவருடைய பாடு. அவருடைய மதத்தை மேலே வைத்துக் காணியை யார் அளக்கிறார்கள் என்பதுதான் என் கவலை. அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது, 10ஆம் உறுப்புரை எவருக்கும் தாம் விரும்பிய மதத்தைக் கைக்கொள்ளும் சுதந்திரத்தைத் தருகிறது. அதிகாரிகள் முதலாவதை மட்டும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடுவதுதான் தொல்லை.

ஹபாயா விஷயத்தையும் சொல்லத்தான் வேண்டும். 2018இல் நகரத்துப் பாடசாலை ஒன்றில் முஸ்லிம் ஆசிரியைகள் ஹபாயா அணிந்து வந்ததற்கு எதிராக நம் பெற்றோர் ரோட்டில் நின்றார்கள். மனித உரிமைகள் ஆணைக்குழு பின்னர் ஆசிரியைகளின் பக்கம்தான் சொன்னது. பாடசாலையின் பாரம்பரியம் என்று வாதாடியவர்களின் மனம் எனக்கு விளங்குகிறது. இருந்தாலும், கணக்குப் படிப்பிக்கிற ஒருவரின் உடுப்பால் என் மகளின் திருநீறு அழிந்துபோகாது. அந்த நேரத்தில் நாம் காட்டிய வீரத்தில் பாதியைக் கன்னியாவில் காட்டியிருக்கலாம்.

கன்னியாவை அந்த வாசகர் மறந்தேவிட்டார். வெந்நீர்க் கிணற்றடியில் பிள்ளையார் கோயில் இருந்த இடத்தில் விகாரை எழும்பப் பார்த்தபோது வட்ஸ்அப்பில் ஆயிரம் பேர் பொங்கினோம். கோயில் காணியின் அறங்காவலராக இருந்த ஒரு பெண்தான் காகிதங்களை எடுத்துக்கொண்டு வழக்குப் போட்டார். 2019 ஜூலையில் திருகோணமலை மேல் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. பிரச்சினை அத்தோடு தீர்ந்துவிட்டதென்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த அம்மா பௌத்தர்களைக் கண்டு பயமென்று பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருக்கவில்லை. இன்ன காணி, இன்ன உரிமை, இன்ன திணைக்களம் என்று பேர் சொல்லிக் கேட்டார்.

சத்தத்தைப் பற்றி ஒரு வரி போதும். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக்கூடாதென்று உயர் நீதிமன்றம் 2007லேயே பொதுவாகச் சொல்லிவிட்டது. பாங்கைப் பற்றி முறைப்பாடு எழுதப் பேனாவை எடுப்பவர், நம்முடைய திருவிழாவில் கமுக மரத்தில் கட்டுகிற குழாயையும் சேர்த்து எழுதட்டும்.

சபைக்காரர் விஷயம் கொஞ்சம் சிக்கல். உங்கள் சாமி பிசாசு என்று மைக்கில் கத்துகிற போதகர்கள் இருக்கிறார்கள். கேட்க வயிறு எரிகிறது. அது அவமரியாதை, ஆபத்தல்ல. இரண்டையும் குழப்பினால் ஆபத்து வரும்போது கத்தத் தொண்டை இருக்காது. அப்புறம், நம் சனம் ஏன் அங்கே போகிறது என்று கோயில் நிர்வாகசபை எதிலாவது ஒருநாள் பேசியிருக்கிறார்களா? புருஷன் செத்த வீட்டுக்குச் சபையிலிருந்து வாராவாரம் ஆள் போகிறது. கோயிலிலிருந்து போவது திருவிழா உபயப் பற்றுச்சீட்டு. மதமாற்றத் தடைச்சட்டம் வேண்டுமென்று மேடையில் முழங்குகிறவர்கள் அந்தச் சட்டம் நாளைக்கு யார் கையில் இருக்கும் என்பதையும் யோசிக்கவேண்டும். இந்த நாட்டில் நாம் எண்ணிக்கையில் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாததா?

கடைசியாக, ஆசிரியரே, உங்களிடமும் ஒரு குறை உண்டு. 2025 நவம்பரில் நகரக் கடற்கரையில் சிலை வைத்து, பொலிஸார் அதை எடுத்து, மறுநாளே திரும்ப வைத்தபோது, நான் பார்த்த தமிழ்ப் பத்திரிகைகள் எல்லாவற்றிலும் ‘திருமலையில் பதற்றம்’ என்றுதான் தலைப்பு. வாசித்துவிட்டு எங்கள் தெருவில் இரண்டு முஸ்லிம் கடைக்காரர்கள் நேரத்தோடு கடையைப் பூட்டினார்கள். அவர்களுக்கும் அந்தச் சிலைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி அங்கே கட்டியதற்கு அனுமதி இருந்ததா என்பதல்லவா முதற்பக்கத்தில் வந்திருக்கவேண்டிய கேள்வி? இனி இப்படி ஒரு செய்தி போடும்போது காணி யார் பேரில், எந்தத் திணைக்களத்தின் பொறுப்பில், அனுமதி யார் கொடுத்தது, முறைப்பாடு செய்தது யார், வழக்கின் அடுத்த தவணை எப்போது என்ற விவரங்களை ஒரு பெட்டியில் போடுங்கள். வரைபடமும் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
உப்புவெளி வாசகர்,
திருகோணமலை.