நண்பனுக்காக வரைந்த இரும்புக் கை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் 33 ஆண்டுகள் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிள்ளைகள் தங்கள் நண்பர்களுக்குப் பரிசாகக் கொடுப்பதற்கென்றே வரையும் சூப்பர் ஹீரோ படங்களைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாளாக எண்ணியிருந்தேன். சென்ற மாதம் எங்கள் வீட்டில் நடந்த ஒன்று, இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று என்னை எழுத உட்கார வைத்துவிட்டது.

என் பேத்தி ஆறாம் வகுப்பில் படிக்கிறாள். அவளுடைய வகுப்புத் தோழன் சைக்கிளிலிருந்து விழுந்து வலது முன்கையை முறித்துக்கொண்டான். முழங்கைக்கு மேல் வரை மாவுக்கட்டு. கட்டுப் பிரிப்பதற்கு முன்பே அவனுடைய பிறந்தநாள் வந்துவிட்டது. கிரிக்கெட் மட்டை வாங்கிக் கொடுத்தாலும் அவனால் பிடிக்க முடியாதே என்று யோசித்தவள், அவனையே ஒரு சூப்பர் ஹீரோவாக வரைந்து கொடுக்கப்போவதாக என்னிடம் வந்து சொன்னாள். மாவுக்கட்டு இருக்கும் இடத்தில் இரும்புக் கை இருக்க வேண்டும் என்பது அவள் முடிவு.

அந்த இரும்புக் கை எங்கள் வீட்டுப் பரணிலிருந்து இறங்கி வந்தது. 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக ‘இரும்புக்கை மாயாவி’யை வெளியிட்டபோது எனக்குப் பதினோரு வயது. ஆய்வுக்கூட விபத்தில் வலது கையை இழந்து, இரும்புக் கை பொருத்தப்பட்ட லூயிஸ் கிராண்டேல், மின்சாரம் பாய்ந்ததும் உடல் முழுதும் மறைந்துபோக, அந்தக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும் பக்கங்களை எங்கள் தெருப் பிள்ளைகள் கிழியக் கிழியப் படித்தோம். 1962-இல் பிரிட்டனின் ‘வேலியன்ட்’ வார இதழில் தொடங்கிய அந்தத் தொடரை வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. கறுப்பு மையை மட்டும் வைத்துக்கொண்டு இரும்பின் பளபளப்பை அவர் காட்டிய விதத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் பென்சில் பிடித்தேன். கை இழந்த ஒருவனுக்கு அந்தக் கையே வலிமையாக மாறுவதை, கை முறிந்த நண்பனுக்காகப் பேத்தி எடுத்துக்கொண்டது எனக்குப் பெரும் மகிழ்ச்சியாக இருந்தது.

ஓவிய வகுப்பு நேரத்தில்தான் அவள் வரையத் தொடங்கியிருக்கிறாள். அந்த நேரம் அன்று கணக்குப் பாடத்துக்குப் போய்விட்டது. மடியில் வைத்து வரைந்துகொண்டிருந்த தாள் பிடுங்கப்பட்டு, மாலையில் நான்காக மடித்துத் திருப்பித் தரப்பட்டது. மடிப்பு நேராக அந்தப் பையனின் முகத்தின் நடுவே விழுந்திருந்தது. அது எந்தப் பள்ளி என்று சொல்வது என் நோக்கமன்று. கணக்கு வகுப்பில் படம் வரைந்தது சரி என்றும் நான் வாதிடவில்லை. ஆனால், அது கணக்கு வகுப்பாக இருந்திருக்க வேண்டிய நேரமன்று என்பதையும், மடிக்காமல் திருப்பிக் கொடுத்திருக்கலாம் என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அன்றிரவே வீட்டில் மறுபடி தொடங்கினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேனே தவிர, தாளைத் தொடவில்லை. இயல்பான மனித உருவத்தை வரைகையில் தலையின் உயரத்தைப் போல ஏழரை மடங்கு என்று கணக்கு வைத்துக்கொள்வோம். சூப்பர் ஹீரோக்களை எட்டு மடங்கு அல்லது அதற்குச் சற்று மேலாகவும் வரைவார்கள். தலை சிறுத்து, தோள் விரிந்து, கால் நீளும்போதுதான் அந்த மிடுக்கு வருகிறது. அவள் வரைந்த உருவம் ஐந்து தலை உயரம்தான் இருந்தது. சொல்லிக் கொடுத்தேன். சற்று யோசித்துவிட்டு, “தாத்தா, அவன் குட்டைதான். உயரமா வரைஞ்சா அது அவன் இல்லையே” என்றாள். இத்தனை ஆண்டு வகுப்பில் நான் சொல்லிக் கொடுத்த அளவுகளையெல்லாம் விட அந்தப் பதில் சரியானது. நான் அதன் பிறகு அளவைப் பற்றிப் பேசவில்லை.

அவனுடைய இடது புருவத்தில் ஒரு சிறு தழும்பு உண்டு. முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே இடைவெளி உண்டு. இரண்டும் படத்தில் வந்தன. கண்களை நெற்றியில் கொண்டுபோய் வைப்பது எல்லாப் பிள்ளைகளும் செய்யும் பிழை. தலையின் சரிபாதியில் கண் வர வேண்டும் என்பதை மட்டும் அழித்துத் திருத்திக்கொண்டாள். நண்பனை வரைய வேண்டும் என்றால் முதலில் நண்பனைப் பார்த்திருக்க வேண்டும். பானையையும் பூச்சாடியையும் மேசைமேல் வைத்து, கூர்ந்து பாருங்கள் என்று நாங்கள் பிள்ளைகளிடம் ஆண்டுக்கணக்கில் கெஞ்சுவோம். ஒரு நண்பனுக்குப் படம் வரைகிறபோது அந்தப் பார்வை யாரும் கேளாமலேயே வந்துவிடுகிறது. அதனால்தான், அச்சில் வந்த நாயகன் ஒருவனை அப்படியே பார்த்து வரைவதைவிட, நண்பனையே நாயகனாக வரையும்படி பிள்ளைகளைத் தூண்ட வேண்டும் என்று பெற்றோரையும் ஆசிரியர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

இதற்கிடையில் வீட்டுக்கு வந்திருந்த உறவினர் ஒருவர், இதற்கு ஏன் மூன்று நாள் என்று கேட்டு, கைப்பேசியில் இரண்டு வரி தட்டி ஒரு நிமிடத்துக்குள் ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினார். அவர் அன்பினால் செய்தது அது. படமும் குறையில்லாமல் மின்னியது. ஆனால் அதில் இருந்தவன் எங்கள் ஊர்ப் பையன் அல்லன். அவனுக்குத் தழும்பும் இல்லை, பல் இடைவெளியும் இல்லை. ஒருவனுக்காக மூன்று மாலைப்பொழுதுகளைச் செலவிடுவதே அந்தப் பரிசின் பெரும்பகுதி என்று நான் கருதுகிறேன்.

என் மருமகளுக்கு வேறு கவலை இருந்தது. “வெறும் தாளைக் கொண்டுபோனா அவங்க என்ன நினைப்பாங்க?” என்றாள். இது பல வீடுகளில் கேட்கும் குரல்; அதில் குற்றமில்லை. பிறந்தநாள் வீடுகளில் பரிசு என்றால் பளபளக்கும் தாள் சுற்றிய பெட்டி என்று நாமே பிள்ளைகளுக்குப் பழக்கிவிட்டோம். கடைசியில் பெட்டி ஒன்றும் போயிற்று, நாளிதழில் சுருட்டி ரப்பர் பேண்டு போட்ட படமும் போயிற்று. அந்த வீட்டிலும் பெரியவர்கள் பெட்டியை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, சுருளைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் போட்டுவிட்டார்கள். பையன்தான் அதைக் கேட்டு வாங்கி, இடது கையாலும் வாயாலும் ரப்பர் பேண்டைக் கழற்றினான். விரித்துத் தரையில் வைத்து, மாவுக்கட்டுப் போட்ட கையைப் படத்திலிருந்த இரும்புக் கைக்குப் பக்கத்தில் நீட்டிப் பார்த்தான். இரும்புக் கையின் ஆணிகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினான். எட்டு இருந்தன. பிறகு ஒரு ஸ்கெட்ச் பேனா கேட்டு வாங்கி, தன் கட்டின்மேல் அதே இடங்களில் எட்டு வட்டங்களை இவளைப் போடச் சொன்னான்.

சூப்பர் ஹீரோ படம் வரைவது படிப்பைக் கெடுக்கும் வேலை என்று எண்ணுவோருக்கு ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஒரே உயர்நிலைப் பள்ளியில் படித்த ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்னும் இரு நண்பர்களில் ஒருவர் எழுத, மற்றவர் வரைய, பிறந்தவன்தான் சூப்பர்மேன். நல்ல தாள் வாங்க வசதியில்லாத ஷூஸ்டர், பொட்டலம் கட்டும் பழுப்புத் தாளில் வரைந்து பழகியவர். 1938-இல் ‘ஆக்சன் காமிக்ஸ்’ முதல் இதழில் அந்தப் பாத்திரம் வெளிவந்தபோது, அதன் உரிமையை 130 டாலருக்கு அவர்கள் விட்டுக்கொடுத்திருந்தார்கள் என்பது தனித் துயரம். இன்று உலகெங்கும் பிள்ளைகள் வரையும் அங்கி பறக்கும் உருவங்களுக்கெல்லாம் தொடக்கம் இரண்டு பள்ளித் தோழர்கள் சேர்ந்து செலவிட்ட நேரம் என்பதை மட்டும் சொல்ல வந்தேன்.

அந்த நேரத்தை நம் பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் நூறு பேருக்கு மேல் படிக்கும் பள்ளிகளுக்குக் கலைக் கல்விக்கெனப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. ஆசிரியர் இருந்தும் வாரத்தில் வரும் அந்த ஓரிரு ஓவிய வகுப்புகளைத் தேர்வு நெருங்கியதும் வேறு பாடத்துக்கு எடுத்துக்கொள்ளும் வழக்கத்தைத் தலைமையாசிரியர்கள் நிறுத்த வேண்டும். வகுப்புத் தோழன் ஒருவன் உடல்நலமின்றி விடுப்பில் இருக்கும்போது, அவனை நாயகனாக வைத்து ஒரு படம் வரைய அந்த வகுப்பில் ஒரு நாளை ஒதுக்கினால், வண்ணப் பென்சில்களைத் தவிர வேறு செலவில்லை.

தங்கள் நாளிதழிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. சிறுவர் பகுதியில் படங்களை வெளியிடும்போது வரைந்த பிள்ளையின் பெயர், வகுப்பு, ஊர் ஆகியவற்றைப் போடுகிறீர்கள். அதற்குக் கீழே இன்னும் ஒரு வரிக்கு இடம் தந்து, யாருக்காக வரைந்தது என்பதையும் அந்தப் பிள்ளை எழுதி அனுப்பினால் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
சாத்தூர், விருதுநகர் மாவட்டம்.