புயலுக்குப் பெயர் வைக்கும் வரை காத்திருக்க வேண்டாம்

செம்பூர், மும்பை
அக்டோபர் 12

அன்புள்ள மரியதாஸ்,

இங்கே அனைவரும் நலம். லூர்து அக்காவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று தனியாக எழுது. இந்தக் கடிதம் முழுக்க உன் மருமகன் ஜெபினைப் பற்றியது. தொலைபேசியில் சொல்லத் தொடங்கினால் நீ பாதியிலேயே அந்தோணி சாரின் குடைக் கதைக்குப் போய்விடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

அவன் போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தான். மீன் இறக்குவதற்காக அவர்களுடைய படகு இங்குள்ள சசூன் டாக் மீன்பிடித் துறைமுகத்துக்கு வந்திருந்தது. இந்தப் பயணத்திலிருந்து தானே ஸ்ராங்கு, அதாவது படகை ஓட்டும் தலைவன் என்று அவன் சொன்னபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எழுத்தில் சொல்ல முடியாது. சாப்பிட்டு முடித்ததும் தன் போனை எடுத்துக் காட்டினான். ரப்பர் பேண்டு போட்டுச் சுற்றிய பாலிதீன் உறைக்குள் இருந்தது. உறையின் மடிப்புகளில் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. திரையில் பலத்த காற்று பற்றிய எச்சரிக்கை ஒன்று இருந்தது. "இதைப் பார்த்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். "புயலுக்குப் பேரு வச்சா திரும்பிருவோம் மாமா" என்றான்.

மரியதாஸ், அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கப்பல் முகவர் அலுவலகத்தில் காலையில் முதல் வேலையாகக் கடல் வானிலை அறிக்கையைப் படித்தே வயதானவன் நான். எந்தக் கேப்டனும் பெயருக்காகக் காத்திருந்து நான் பார்த்ததில்லை. தாழ்வுப் பகுதி உருவாகக்கூடும் என்ற ஒரு வரி வந்ததுமே பாதையை மாற்றலாமா என்று கேட்டுச் செய்தி அனுப்பிவிடுவார்கள்.

பெயர் எப்போது வைக்கப்படுகிறது என்பதை நீயே அவனுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். காற்றின் வேகம் மணிக்கு 31 கிலோமீட்டரைத் தொட்டால் அது காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 50ஐத் தொட்டால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62ஐ எட்டிய பிறகுதான் அது புயல் ஆகிறது. அப்போதுதான் டெல்லியில் உள்ள வானிலை மையம், 13 நாடுகள் கொடுத்த பட்டியலிலிருந்து வரிசைப்படி ஒரு பெயரை எடுத்து வைக்கிறது. கரையில் இருப்பவர்கள் குழப்பமில்லாமல் பேசிக்கொள்வதற்கு அந்தப் பெயர் மிகவும் உதவுகிறது. ஆனால் அறுபது கிலோமீட்டர் வேகக் காற்றில் ஆழ்கடலில் நிற்கும் ஒரு விசைப்படகுக்கு, இன்னும் இரண்டு கிலோமீட்டர் கூடி ஒரு பெயர் கிடைத்துவிட்டதால் என்ன மாறிவிடப் போகிறது?

கணக்கு வாத்தியாரே, இப்போது உன் கரும்பலகைக்கு வருவோம். ஜெபினுடைய படகு கரையிலிருந்து 300 கடல் மைல் தொலைவில் தங்கி மீன் பிடிப்பதாகவும், மணிக்கு 7 கடல் மைல் வேகத்தில் ஓடுவதாகவும் வைத்துக்கொள். கரை சேர ஏறத்தாழ 43 மணி நேரம் ஆகும். அதுவும் எதிர்க்காற்று இல்லாமல், எஞ்சின் மக்கர் செய்யாமல் இருந்தால். 2017இல் ஒக்கி நவம்பர் 29ஆம் தேதி காலையில் இலங்கைக்குப் பக்கத்தில் தாழ்வு மண்டலமாக இருந்தது. 30ஆம் தேதி காலையில் குமரிக் கடலில் புயலாகிவிட்டது. இடையில் இருந்தது ஒரே ஒரு நாள். தாழ்வு மண்டலம் உருவான நிமிடத்திலேயே செய்தி கிடைத்திருந்தாலும் அத்தனை தொலைவில் நின்ற ஒரு படகு வீடு வந்து சேர்ந்திருக்க முடியாது. நம் குமரி மாவட்டத்துத் தூத்தூரிலும் சின்னத்துறையிலும் வள்ளவிளையிலும் அந்த டிசம்பரில் நாம் துக்கம் கேட்டு வீடு வீடாக ஏறி இறங்கியதை இங்கே மறுபடியும் எழுத என்னால் முடியவில்லை. அதே ஒக்கி அரபிக்கடலில் 2,000 கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்து, குஜராத் பக்கம் போய் வலுவிழந்தது. டிசம்பர் 5 அன்று மும்பையில் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். நம் ஊருக்கு நேரம் கொடுக்காத புயல் இந்த ஊருக்கு நான்கைந்து நாட்கள் கொடுத்தது.

இதனால்தான் சொல்கிறேன்: ஜெபின் முடிவெடுக்க வேண்டிய நேரம் பெயர் வைப்பதற்கு மட்டுமல்ல, தாழ்வு மண்டலம் உருவாவதற்கும் முந்தையது. அதற்கு வழியும் இருக்கிறது. வானிலை ஆய்வுத் துறை வெப்பமண்டல வானிலை அறிக்கை ஒன்றை அன்றாடம் வெளியிடுகிறது. வங்கக்கடலிலும் அரபிக்கடலிலும் அடுத்த 168 மணி நேரத்தில் தாழ்வு மண்டலம் உருவாகும் வாய்ப்பு எவ்வளவு என்பதை, ஒவ்வொரு 24 மணி நேரத்துக்கும் தனித்தனியாக, 'இல்லை, குறைவு, நடுத்தரம், அதிகம்' என்று அதில் ஒரு சிறு கட்டமாகப் போட்டிருப்பார்கள். நம் கணக்குப்படி அவனுக்குத் தேவை 43 மணி நேரம். அந்தக் கட்டம் ஏழு நாட்களைக் காட்டுகிறது. 'நடுத்தரம்' என்று வந்த அன்றே வலையைச் சுருட்டினால் நஷ்டம் டீசலும் ஐஸும் மட்டுமே. முதலாளி முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

தப்பிக்கும் திசையையும் அவன் தெரிந்துகொள்ள வேண்டும். நம் பக்கத்துக் கடல்களில் புயல் இடஞ்சுழியாகச் சுழல்வதால், அது நகரும் திசைக்கு வலப்புறத்தில் சுழற்சியின் வேகமும் நகர்வின் வேகமும் சேர்ந்து காற்று கடுமையாகிவிடும். புயல் வடமேற்காக நகரும்போது நம் கரைக்கும் புயலுக்கும் நடுவில் இருக்கும் கடல்தான் அந்த வலப்புறம். பயந்துபோன படகு வீட்டை நோக்கித்தான் திரும்பும். அப்படித் திரும்புவதே அதை மோசமான பக்கத்துக்குள் கொண்டுபோகக்கூடும். ஒக்கியின்போது பல படகுகள் வீட்டை நினைக்காமல் வடக்கே ஓடி, இந்த மாநிலத்தின் தேவ்கட் துறைமுகத்தில் ஒதுங்கிப் பிழைத்தன. எந்தத் துறைமுகம் கிட்டத்தில் இருக்கிறதோ அதுவே அன்றைக்குச் சொந்த ஊர்.

அலை உயரத்தைப் பற்றியும் ஒன்று. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் தரும் அறிக்கையில் 3 மீட்டர் என்று இருந்தால், அதற்கு மேல் அலையே வராது என்று ஜெபின் நினைத்துக்கொண்டிருக்கிறான். அந்த எண், எழும் அலைகளில் மிக உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. இடையிடையே ஏறக்குறைய அதன் இரு மடங்கு உயரத்தில் ஓர் அலை எழக்கூடும்; படகைக் கவிழ்ப்பதற்கு அந்த ஒன்று போதும். கள்ளக்கடல் எச்சரிக்கை வந்தால் காற்றே இல்லாத நாளிலும் துறைமுக முகத்துவாரத்தில் நுழைய வேண்டாம் என்று சொல். தெற்கே வெகு தொலைவில், பல நாட்களுக்கு முன் அடித்த காற்று எழுப்பிய அலைகள் அவை. வானத்தைப் பார்த்து அவற்றைக் கண்டுபிடிக்க முடியாது.

என் ஆதங்கம் ஒன்றையும் கொட்டிவிடுகிறேன். தொலைக்காட்சியில் புயல் எங்கே கரையைக் கடக்கும், எந்த மாவட்டத்துக்கு விடுமுறை என்பதையே நாள் முழுக்கச் சொல்கிறார்கள். கரையைக் கடப்பதற்கு முன் அது கடலில் இருக்கிறதே, அங்கே மனிதர்கள் இருக்கிறார்களே! 2021 மே மாதம் டவ்தே புயல் இந்தக் கரையை ஒட்டி வடக்கே போனபோது, மும்பைக்கு அப்பால் எண்ணெய் வயல் பகுதியில் 261 பேரோடு இருந்த பி-305 என்ற மிதவைக் கப்பல் மூழ்கியது. அந்தப் புயலுக்கு எச்சரிக்கை சில நாட்களுக்கு முன்பே வந்திருந்தது. அன்று இரவு முழுக்க எங்கள் ஜன்னல் கதவுகள் அடித்துக்கொண்டே இருந்தன. ஆனால் நாங்கள் சுவருக்குள் இருந்தோம்.

சரி, நீ செய்ய வேண்டியவை. படகு கரையை விட்டு வெகு தூரம் போய்விட்டால் போனுக்குச் சிக்னல் கிடையாது. வயர்லெஸ் பக்கத்துப் படகு வரைக்கும்தான் எட்டும். இருவழியிலும் செய்தி அனுப்பக்கூடிய டிரான்ஸ்பாண்டரை மீன்பிடிப் படகுகளில் பொருத்தும் திட்டத்தை 2024இல் தொடங்கினார்கள். அவன் படகில் அது பொருத்தப்பட்டிருக்கிறதா, வேலை செய்கிறதா என்று முதலாளியிடம் நீயே நேரில் போய்க் கேள். நீ கேட்டால் தட்டமாட்டார். அடுத்தது, அந்த 168 மணி நேரக் கட்டத்தை தினமும் நீ பார்க்க வேண்டும். பள்ளி நாட்களில் வருகைப் பதிவேட்டை ஒருநாள்கூட விடாதவன் நீ, இதையும் விடமாட்டாய். இங்கே நானும் பார்க்கிறேன். நம் இருவரில் யார் முதலில் 'நடுத்தரம்' என்று பார்த்தாலும் உடனே மற்றவரை அழைப்போம், பிறகு அவனுக்குச் செய்தி போகட்டும். தென்மேற்குப் பருவமழை முடிந்து கடல் மறுபடியும் சூடாகும் பருவம் இது. டிசம்பர் முடியும் வரை இதை நிறுத்தக்கூடாது.

ஜெபின் வெள்ளிக்கிழமை மறுபடியும் கடலுக்குப் போகிறான். அதற்குள் அவனிடம் பேசிவிடு. நான் சொன்னால் மாமா பயப்படுகிறார் என்று நினைப்பான். நீ கணக்குப் போட்டுக் காட்டினால் கேட்பான்.

அன்புடன்,
முருகேசன்