படத்துக்கு நான் கொடுத்த காசு யாருக்குப் போனது? படவங்கி நிறுவனத்துக்கு ஹட்டனிலிருந்து ஒரு புகார் கடிதம்

ஹட்டன்,
24.03.2025

வாடிக்கையாளர் பிரிவுப் பொறுப்பாளருக்கு,

விடயம்: கணக்கு மூடப்பட்ட ஓவியரின் படத்தைத் தொடர்ந்து விற்றதும், அவருக்குச் சேர வேண்டிய பணத்தைக் கொடுக்காததும் பற்றிய முறைப்பாடு

ஐயா / அம்மணி,

இலங்கையில் ஹட்டன் டவுனில் சின்னதாக ஒரு டிசைன், அச்சுக் கடை வைத்திருக்கிறேன். கல்யாணக் கார்ட், சடங்கு பேனர், கோயில் திருவிழா நோட்டீஸ், டியூஷன் போஸ்டர், கருமாதி நோட்டீஸ் என்று எல்லா வேலையும் வரும். இந்த வேலைகளுக்குப் படம் எடுக்க, உங்கள் தளத்தின் 29 டொலர் சந்தாவை மாதம் தவறாமல் கட்டுகிறேன். எங்கள் காசில் ஏறக்குறைய 8,700 ரூபா. கூகிளில் தேடி எடுத்த படத்தை அப்படியே அடித்துக் கொடுக்கிற கடைகள் இதே டவுனில் உண்டு. நோட்டீஸ் வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரியப் போவதும் இல்லை. ஆனாலும் நான் காசு கொடுத்தே எடுக்கிறேன். இங்கே வாங்கும் ஒவ்வொரு படமும் அதை உருவாக்கிய கலைஞருக்கு வருமானம் என்று உங்கள் தளத்தின் முகப்பிலேயே எழுதி வைத்திருக்கிறீர்கள். அந்த வாசகத்தை நம்பித்தான் சந்தா எடுத்தேன். என் முறைப்பாடும் அந்த வாசகத்தைப் பற்றியதுதான்.

தமிழில் எழுதுவதற்குக் குறை நினைக்க வேண்டாம். ஆங்கிலத்தில் உங்கள் உரையாடல் பெட்டியில் கேட்டுப் பார்த்தாயிற்று. அந்த இயந்திரம் என்ன கேட்டாலும் கடவுச்சொல்லை மாற்றுவது எப்படி என்றுதான் சொல்லித் தருகிறது. சொன்னதை வைத்துப் படமே வரைகிற மென்பொருள் வைத்திருக்கிறீர்கள், ஒரு கடிதத்தை மொழிபெயர்த்துக்கொள்வது உங்களுக்குப் பெரிய வேலையாக இருக்காது.

நடந்தது இதுதான். மாசி மாதம் எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் காமன் கூத்து ஆடுவார்கள். இந்த முறை ஒரு தோட்டத்துக் கோயில் கமிட்டி நோட்டீஸ் அடிக்கக் கொடுத்தது. உங்கள் தளத்தில் மேளம் என்று தேடினால் ஆபிரிக்க மேளமும் வடஇந்திய டோலக்கும் பக்கம் பக்கமாக வருகின்றன. அவற்றுக்கு நடுவே ஒரே ஒரு கோட்டோவியம் எங்கள் ஊர்க் காட்சியாக இருந்தது. வைக்கோல் நெருப்பைச் சுற்றிக் குந்தியிருந்து நாலு பேர் தப்பு மேளத்தைக் காய்ச்சுகிறார்கள். ஒருவர் காய்ந்த தப்பைக் காதோரம் பிடித்துச் சுண்டிப் பார்க்கிறார். பக்கத்தில் நிற்பவர் இடது கையில் நீளமான மெல்லிய குச்சி, வலது கையில் குட்டையான தடித்த குச்சி. தப்பு அடிப்பதைக் கிட்ட நின்று பார்க்காத ஆள் இரண்டு குச்சியையும் ஒரே அளவில்தான் வரைந்திருப்பார். மனம் நிறைந்து அதையே எடுத்தேன். உங்கள் பற்றுச்சீட்டு பெப்ரவரித் திகதியில் இருக்கிறது.

அடித்த நோட்டீஸ் மேசையில் அடுக்கியிருந்தபோது, பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை ஒருவர் சான்றிதழ் லேமினேட் பண்ண வந்தார். நோட்டீஸைப் பார்த்ததும், “அண்ணே, இது நான் வரைஞ்சது” என்றார். முதலில் நான் நம்பவில்லை. போனைத் திறந்து, பென்சிலால் போட்ட முதல் வரைவு தொடக்கம் கோடு கோடாகக் காட்டினார். சந்தோஷமாகத்தான் காட்டினார். நான் காசு கொடுத்து வாங்கினேன் என்று சொன்ன பிறகுதான் முகம் மாறியது. ஏனென்றால் அவருடைய கணக்கை நீங்கள் ஜனவரியிலேயே மூடிவிட்டீர்கள்.

மூடியதற்குச் சொன்ன காரணத்தையும் வாசித்தேன். விதிமுறை மீறல், இன்ன பிரிவு, இன்ன உட்பிரிவு. எந்தப் படம், என்ன மீறல் என்று ஒரு சொல் இல்லை. அவர் விளக்கம் கேட்டு எழுதியதற்கும் அதே மின்னஞ்சல்தான் திரும்பி வந்திருக்கிறது. கணக்கில் 21 டொலர் 60 சதம் இருந்ததாம். 25 டொலர் சேர்ந்தால்தான் எடுக்கலாம் என்பது உங்கள் சட்டம். கணக்கு மூடப்பட்டால் மீதி கிடையாது என்பது அதற்கு அடுத்த வரி.

இப்போது வாடிக்கையாளனாகக் கேட்கிறேன். அந்தப் பிள்ளை பிறருடைய உரிமையை மீறியது உண்மையென்றால், பிழையான சரக்கை எனக்கு விற்றிருக்கிறீர்கள். என் நோட்டீஸ் ஏற்கனவே தோட்டத்துக்குத் தோட்டம் போய்விட்டது. அதை நீங்கள் எனக்கு அறிவித்திருக்க வேண்டும், காசையும் திருப்பித் தந்திருக்க வேண்டும். மீறவில்லையென்றால், அவர் படத்தை விற்று நான் கொடுத்த காசை நீங்களே வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும். கணக்கை மூடும்போது படத்தை மட்டும் கடையில் வைத்து விற்றுக்கொண்டிருப்பதற்கு மூன்றாவது விளக்கம் ஒன்று இருந்தால், தயவுசெய்து அதை எழுதி அனுப்புங்கள்.

இந்தப் படத்துக்காக நாளைக்கு யாராவது என்னிடமே காசு கேட்டு வரலாம். இது சும்மா பயமில்லை. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் கரோல் ஹைஸ்மித்தின் கதை பத்திரிகைகளில் வந்ததுதான். அவரே எடுத்து அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்த படத்தை, அவருடைய சொந்த அமைப்பின் இணையதளத்தில் போட்டதற்காக 120 டொலர் கேட்டு அவருக்கே கடிதம் வந்தது. 2016இல் அவர் வழக்குப் போட்டார். எடுத்தவருக்கே அந்தக் கதியென்றால், ஹட்டனில் நோட்டீஸ் அடிக்கிற எனக்கு என்ன பாதுகாப்பு?

அடுத்தது காசுக் கணக்கு. அந்தப் பிள்ளையின் பழைய வருமானப் பக்கங்களைப் பார்த்த பிறகுதான் என் 29 டொலர் எப்படிப் பிரிகிறது என்று புரிந்தது. என் சந்தாவில் மாதம் 10 படம் எடுக்கலாம். அதனால் ஒரு படத்தின் விலையை 2 டொலர் 90 சதம் என்று போடுகிறீர்கள். அதில் கலைஞருக்கு 15 வீதம், அதாவது 43.5 சதம். எங்கள் காசில் சுமார் 130 ரூபா. டவுனில் ஒரு பிளேன்டீயும் இரண்டு வடையும் வாங்கலாம். சரி, இதுவாவது வெளியே தெரிந்த விடயம். தெரியாதது இனித்தான் இருக்கிறது. பெப்ரவரியில் நான் 10 படம் எடுக்கவில்லை, நாலுதான் எடுத்தேன். எடுக்காத ஆறு படத்துக்கான 17 டொலர் 40 சதம் அடுத்த மாதத்துக்கும் வருவதில்லை, எந்தக் கலைஞருக்கும் போவதில்லை. ஆக நான் கட்டிய 29 டொலரில் படம் உண்டாக்கிய நாலு பேருக்கும் சேர்த்துப் போக வேண்டியது 1 டொலர் 74 சதம். நூற்றுக்கு ஆறு. அந்த நாலு பேரில் ஒருவரான இந்தப் பிள்ளையின் பங்கையும் நீங்கள் கொடுக்கவில்லை.

உங்களுக்கும் செலவு இருக்கிறது என்று தெரியும். சேர்வர், படங்களைப் பார்த்துத் தேர்கிற ஆட்கள், வரி, விளம்பரம். கடை நடத்துகிறவனுக்கு இதெல்லாம் விளங்காமல் இல்லை. ஆனால் நூற்றில் 94 செலவு என்றால் அது எந்தக் கடை?

துறை முழுக்க இப்படித்தான் என்று சொல்வீர்கள். பாதி உண்மை. 2020 ஜூனில் உங்களைப் போன்ற படவங்கியான ஷட்டர்ஸ்டாக் நிறுவனம் கலைஞர் பங்கை 15 வீதத்திலிருந்து 40 வீதம் வரை ஆறு படிகளாக்கியது. வருடம் முழுக்க விற்று மேலே ஏறினாலும் ஜனவரி 1ஆம் திகதி எல்லோரும் மறுபடி முதல் படிக்கு வர வேண்டும். அதுவரை சந்தாவில் விற்ற படத்துக்குக் குறைந்தது 25 சதமாக இருந்தது 10 சதமாக இறங்கியது. கலைஞர்கள் பலர் தங்கள் படங்களை விற்பனையிலிருந்து எடுத்து எதிர்ப்புக் காட்டினார்கள். நீங்களும் அதே ஜனவரிப் படிமுறையைத்தான் வைத்திருக்கிறீர்கள். ஆனால் அடோபி ஸ்டாக் என்ற இன்னொரு படவங்கி படத்துக்கு 33 வீதம் கொடுக்கிறது, அங்கே படியும் இல்லை, ஜனவரியும் இல்லை. ஆக, முடியாத காரியம் ஒன்றுமில்லை. வேறு நிறுவனத்துக்கு மாறிப் போகலாமே என்று நினைத்தால், நீங்களெல்லாம் ஒருவரையொருவர் வாங்கிக்கொண்டே இருக்கிறீர்கள்: 2006இல் கெட்டி ஐஸ்டாக்கை 50 மில்லியன் டொலருக்கு, 2014 டிசம்பரில் அடோபி ஃபோட்டோலியாவை 800 மில்லியன் டொலருக்கு, 2025 ஜனவரியில் கெட்டியும் ஷட்டர்ஸ்டாக்கும் ஒன்றாகப் போவதாக அறிவிப்பு. கடை குறையக் குறைய, விற்கிறவருக்கும் சரி, எனக்கும் சரி, பேரம் பேச இடமில்லை.

25 டொலர் சட்டத்துக்கு வருகிறேன். ஒரு படத்துக்கு 43.5 சதம் என்றால் 58 விற்பனை சேர்ந்தால்தான் கையில் காசு. எங்கள் தோட்டங்களில் குறித்த கிலோ கொழுந்து பறிக்காவிட்டால் அன்றைக்கு அரைப் பேர், அதாவது அரை நாள் வேலை என்றுதான் போடுவார்கள். அதை எதிர்த்துச் சண்டை போடாத தோட்டம் இல்லை. ஆனால் அரைப் பேருக்கு அரைச் சம்பளமாவது கிடைக்கும். உங்களிடம் 25 டொலருக்கு ஒரு சதம் குறைந்தாலும் முழுக் காசும் போயிற்று. அப்படியே சேர்ந்தாலும், இலங்கையில் பேபால் வைத்திருப்பவர் காசு அனுப்பலாம், வாங்க முடியாது. நீங்கள் சுட்டிக்காட்டும் இன்னொரு சேவை ஊடாகத்தான் வர வேண்டும். அதற்கொரு கட்டணம், வங்கிக்கு ஒரு கட்டணம். பெரிய கலைஞருக்கு இது சில்லறை. தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் இருந்துகொண்டு, அண்ணனின் பழைய லெப்டொப்பில் வரைகிற பிள்ளைக்கு அந்த 21 டொலர் ஏறக்குறைய 6,500 ரூபா.

படம் வரையும் உங்கள் புதுக் கருவி பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேட்காமலே அதை என் சந்தாவோடு சேர்த்துவிட்டீர்கள். கலைஞர்கள் கொடுத்த படங்களை வைத்துத்தான் அது பழகியது என்று நீங்களே சொல்கிறீர்கள். அதற்கென்று ஒரு நிதி, அதிலிருந்து அந்தப் பிள்ளைக்கு ஒரு முறை சில சதங்கள் வந்திருக்கின்றன. எந்தப் படத்துக்கு, எந்தக் கணக்கில் என்று விவரம் கிடையாது. வேண்டாம் என்றால் விலகிக்கொள்ள ஒரு பொத்தானும் வைத்திருக்கிறீர்கள். ஆனால் அது இனிமேல் நடக்கப் போவதற்கு மட்டும்தான், ஏற்கனவே பழகியதற்கு இல்லை.

அவ்வளவு பழகியும் அதற்கு என்ன தெரிந்திருக்கிறது என்று பார்க்க, இலங்கையில் கொழுந்து பறிக்கும் பெண் என்று கேட்டேன். பட்டுச்சேலை கட்டிய ஒரு பெண், பள்ளிக்கூடப் பை மாதிரி இரண்டு தோளிலும் வார் மாட்டிய கூடை, கையில் முற்றின இலையோடு ஒரு முழுக் கிளை. தலையில் மடித்த துணி வைத்து, அதன் மேல் கயிறு மாட்டித்தான் கூடை முதுகில் தொங்கும். இடுப்பில் சுற்றிக் கட்டும் படங்கு இல்லாமல் யாரும் மலையில் இறங்குவதில்லை. செடி குத்தும், பனியில் நனையும். கிளையோடு ஒடித்தால் கங்காணி என்ன சொல்வார் என்பதை இங்கே எழுத முடியாது. அந்தப் படத்தைப் போட்டு நான் நோட்டீஸ் அடித்தால் கடைக்கு வருகிற எங்கள் பெண்கள் சிரிப்பார்கள். இப்போது உங்கள் தேடலில் தேயிலை என்று போட்டால் முதல் பக்கங்களில் இந்த மாதிரிப் படங்கள்தான் நிறைய. உண்மையாக எடுத்ததும் வரைந்ததும் பின்னுக்குப் போய்விட்டன. ஒழுங்காக வரையத் தெரிந்த ஆளை வெளியே அனுப்பிவிட்டு, வரையத் தெரியாததை எனக்குத் தருகிறீர்கள். அதற்கும் நான்தான் காசு கட்டுகிறேன்.

நான் கேட்பது பெரிய விடயங்கள் இல்லை. அந்தப் பிள்ளையின் கணக்கை ஏன் மூடினீர்கள், எந்தப் படத்தால் என்று ஒரு மனிதர் வாசித்துப் பார்த்து எழுத வேண்டும். 21 டொலர் 60 சதத்தையும், மூடிய பிறகு விற்றவற்றின் பங்கையும் 25 டொலர் சட்டம் பேசாமல் கொடுக்க வேண்டும். எனக்கு அனுப்பும் பற்றுச்சீட்டில் படத்தின் விலைக்குப் பக்கத்தில் கலைஞருக்குப் போனது எவ்வளவு என்று ஒரு வரி போட வேண்டும்; வரி எவ்வளவு என்று அச்சடிக்கிற இடத்திலேயே இதற்கும் இடம் இருக்கிறது. அப்புறம், இயந்திரம் செய்த படங்களைத் தேடலில் தனியாகப் பிரித்து வையுங்கள். இதில் எதையும் செய்ய முடியாதென்றால், கலைஞருக்கு வருமானம் என்ற அந்த வாசகத்தை முகப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். அதைப் படித்துவிட்டுத்தான் என்னைப் போன்றவர்கள் அட்டை இலக்கத்தை அடிக்கிறார்கள்.

எங்கள் நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. வரைந்த படத்தில் வரைந்தவருக்கு உரிமை உண்டு, தன் பெயரைப் போடச் சொல்லும் உரிமையும் உண்டு. உங்கள் ஒப்பந்தம் வேறு நாட்டுச் சட்டத்தின் கீழ் என்று தெரியும். ஆனாலும் இங்கே அச்சடிக்கிறவன் நான். ஆகவே அடுத்த பதிப்பிலிருந்து நோட்டீஸின் அடியில் அவருடைய பெயரும் வரும்.

இந்த மாதம் முதல் சந்தாவை நிறுத்தி வைத்திருக்கிறேன். சித்திரை வருடப்பிறப்பு வேலைகளுக்கான படங்களை அந்தப் பிள்ளையிடமே நேரடியாகச் சொல்லியிருக்கிறேன், படமொன்றுக்கு 1,500 ரூபா. ஏப்ரல் 30க்குள் பதில் வராவிட்டால், பெப்ரவரி மாதக் கட்டணத்தைத் திருப்பித் தரும்படி என் வங்கியின் கடனட்டைப் பிரிவுக்கு எழுதுவேன்.

அவருடைய அனுமதியோடு கணக்கு இலக்கத்தையும், நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலையும், என் பெப்ரவரிப் பற்றுச்சீட்டையும், அச்சடித்த நோட்டீஸ் ஒன்றையும் இத்துடன் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
அச்சுக் கடை உரிமையாளர்,
ஹட்டன்