ரவுடி கானாவுக்கு யூடியூப் மட்டுமா காரணம்?

ஆசிரியருக்கு,

ரவுடிகளைப் புகழும் ஆபாச கானா பாடல்கள் யூடியூபால் முளைத்தவை என்கிறது தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை. பரப்பியது வேண்டுமானால் யூடியூபாக இருக்கலாம். அதன் வேர் வடசென்னைச் சாவு வீடுகளில் இருக்கிறது. வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு பக்கம் மரண கானா விடிய விடிய நடக்கும். இறந்தவர் கோஷ்டிச் சண்டையில் வெட்டுப்பட்டவர் என்றால் அவருடைய அடிதடியும் பாட்டில் வரும், பெண் சகவாசமும் வரும். அதற்கும் முன்பே, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கொலைகளைப் பாட்டாகச் சொல்லும் கொலைச் சிந்துகள், குஜிலி பதிப்புகள் எனப்பட்ட மலிவுச் சிறு புத்தகங்களாக அச்சாகிச் சில்லறைக் காசுக்கு விற்றன. அப்போதும் படித்தவர்கள் முகம் சுளிக்கத்தான் செய்தார்கள்!

புளியந்தோப்பில் ஒரு சாவுக்குப் போயிருந்தபோது, பெரியவர் ஒருவர் தகர டப்பாவில் தாளம் போட்டபடி, இறந்தவரின் பட்டப்பெயரைச் சொல்லிப் பச்சையாகப் பாடினார். அழுதுகொண்டிருந்த மனைவியே முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார். அதைப் புகழ்ச்சி என்று சொல்ல முடியுமா? பாதி வசவு அது. எதிர்க்கோஷ்டியை மிரட்டவே பாடி வெளியிடுகிறவர்கள் மீது போலீஸ் வழக்குப் போடட்டும், சரி. அதோடு, சென்னைப் பல்கலைக்கழகம் மூத்த பாடகர்களின் பாட்டுகளை, கெட்ட வார்த்தைகளை வெட்டாமல், எந்தப் பகுதியில் எந்தச் சாவுக்குப் பாடியது என்ற குறிப்புடன் ஒலிப்பதிவு செய்து வைக்கலாம்.

- ஒரு வாசகர், பெரம்பூர்